ஒரு சாண் மேலே வந்தார்

செத்தவன் எழுந்து வந்து சாட்சி சொல்லமாட்டான் என்ற தைரியத்தில்தான் ஆலையில் அந்த விசாரணை அறிக்கையை எழுதியிருந்தார்கள். மொத்தம் பத்துப் பக்கம். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி: "பலகை இடாமல் தூளின் மீது இறங்கியதே விபத்துக்குக் காரணம்." அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு தங்கச்சி மூன்று நாளாக அண்ணனைப் போட்டுப் படுத்திக்கொண்டிருந்தாள்.

"என் புருஷன் பலகை போடாம இறங்குவாராண்ணே? நீயே சொல்லு. சொந்த வீட்டு நாற்காலியையே ரெண்டு தட்டு தட்டிப் பாத்துட்டு உக்காருற மனுஷன். அவரப் போய் அவசரக்காரருன்னு எழுதியிருக்கானுங்களே, இவனுங்க கை விளங்குமா?"

அண்ணன் என்ன சொல்வான்? "விடும்மா" என்றான். மூன்று மாதமாக அவன் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். தொழிற்சாலையின் கட்டுப்பாட்டு அறையில் பேனலைப் பார்த்துக்கொள்கிற வேலை அவனுக்கு. இருபத்திரண்டு வருஷம் அதே நாற்காலி. தங்கச்சி புருஷன் அதே ஆலையில் பராமரிப்புப் பிரிவு. இந்த ஆள் நல்ல ஆள், கள்ளம் கபடு தெரியாதவர் என்று பார்த்துப் பேசிக் கல்யாணத்தை முடித்துவைத்தது அண்ணன்தான்.

மாப்பிள்ளைக்கு ஆலையில் 'டொக்டொக்கு' என்றுதான் பெயர். படியில் கால் வைக்குமுன் வலது குதிகாலால் இரண்டு தட்டு. சாரத்தில் ஏறுமுன் இரண்டு தட்டு. ஒரு தடவை யாரோ தமாஷுக்கு, "ஏங்க, பொண்ணு பாக்கப் போனப்பவும் தட்டித்தான் பாத்தீங்களா?" என்று கேட்க, மனுஷன் முகம் சிவந்துபோய், "அவங்க அண்ணன் பக்கத்துல இருந்தாரு, அதனால தட்டல" என்றாராம். அந்தப் பேச்சைச் சொல்லிச் சொல்லி அந்த வருஷம் முழுக்கச் சிரித்தார்கள்.

இனி அந்த ரியாக்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை வைக்கமாட்டேன். எட்டு மாடி உயரத்துக்கு ஓர் இரும்புக் கலம். உள்ளே முகத்துக்குப் போடும் பவுடர் மாதிரி நைசான சாம்பல் நிறத் தூள், டன் கணக்கில். தான் மாறாமல் மற்றதை மாற்றிவிடுகிற வினையூக்கித் தூள் அது. கலத்தின் அடியில் சல்லடை மாதிரி துளை போட்ட ஒரு தட்டு. அந்தத் துளைகள் வழியே வாயுவை மேல்நோக்கி ஊதினால் தூள் எழும்பும், குமிழ் விடும், உலையில் தண்ணீர் கொதிப்பதுபோல் கொதிக்கும். கனமான பொருளைப் போட்டால் முழுகும், லேசானதைப் போட்டால் மிதக்கும். ஊதுவதை நிறுத்திவிட்டால் தூள் அப்படியே அமர்ந்து தரையாகிவிடும். அதன்மேல் பலகை போட்டு ஆட்கள் நடந்து வேலை பார்ப்பார்கள். ஊதினால் தண்ணீர், நிறுத்தினால் தரை, இவ்வளவுதான் விஷயம்.

இதில் பேனல்காரர்களுக்கு மட்டும் ஒரு தலைவலி உண்டு. பராமரிப்புக்காக நாலைந்து நாள் நிறுத்திவைத்தால் தூள் இறுகிவிடும். இறுகின தூளை மறுபடி எழுப்புவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். வாயு ஏதாவது ஒரு மூலையில் வழி கண்டுபிடித்து அதிலேயே பிய்த்துக்கொண்டு ஓடும், மீதித் தூள் குத்துக்கல் மாதிரி அசையாமல் கிடக்கும். மேலதிகாரிகள் வந்து பேனல்காரனைத்தான் வறுத்தெடுப்பார்கள். அதனால் இவர்களுக்குள் ஒரு வழக்கம். ஷிப்டுக்கு ஒரு தடவை, விரல் பருமனுள்ள ஒரு குழாய் வழியே கொஞ்சூண்டு காற்றைத் திறந்து ஐந்து நிமிஷம் விட்டு மூடிவிடுவார்கள். தூள் லேசாக இளகிக்கொடுக்கும். "மூச்சு குடுத்தாச்சா?" என்று ஷிப்டு மாறும்போது கேட்டுக்கொள்வார்கள்.

இந்த மூச்சு எந்தப் புத்தகத்திலும் கிடையாது. புத்தகத்தில் இல்லாததால், ஆள் உள்ளே இறங்குமுன் மூடிப் பூட்டவேண்டிய வால்வுகளின் பட்டியலிலும் கிடையாது. அன்றைக்குப் பெரிய குழாய்கள் பதினான்கையும் ஒழுங்காகப் பூட்டினார்கள். இந்த விரல் குழாயை யாரும் நினைக்கவே இல்லை.

பதினொரு மணிக்குத்தான் ஆள் இறங்கும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் ஒன்பது மணிக்குப் பேனலின் கீழ்மூலையில் இருந்த திருகைத் திறந்து மூச்சு கொடுத்தான். திறந்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது, தங்கச்சி போன் பண்ணினாள்.

"அண்ணே, ஒரு அதிசயம் கேளு. உங்க மாப்பிள்ளை கண்ணாடிய மறந்து வெச்சிட்டுப் போயிட்டாரு!"

"யாரு, டொக்டொக்கா?"

"அவரேதான்! பத்து வருஷத்துல இன்னைக்குத்தாண்ணே ஒண்ண மறந்திருக்காரு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. எங்கயோ விட்டுட்டோம்னு பையக் கவுத்துத் தேடிக்கிட்டிருப்பாரு பாவம். வீட்டுலதான் இருக்குன்னு சொல்லிடு. நான் சிரிச்சேன்னும் சொல்லு."

இவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே எழுந்து, விஷயத்தை நேரில் சொல்லி மாப்பிள்ளை மூஞ்சி போகிற போக்கைப் பார்க்கவேண்டும் என்று பராமரிப்புக் கொட்டகைக்கு நடந்தான். திருகு திறந்தபடி இருந்தது. கொட்டகையில் ஆளில்லை. வேலை சீக்கிரம் தயாராகிவிட்டதாம், முன்னாலேயே ரியாக்டருக்கு ஏறிவிட்டார்களாம். சரி, சாப்பாட்டு நேரத்தில் சொல்லிக்கொள்வோம் என்று ஒரு டீயைக் குடித்துவிட்டு ஒன்பதரைக்குத் திரும்பி வந்தான். கதவைத் திறக்கும்போதே வாக்கிடாக்கி அலறிக்கொண்டிருந்தது.

"ஆள் உள்ள போறாரு! தூள் இழுக்குது! கயித்தப் புடி, கயித்தப் புடி!"

திருகைப் பார்த்தான். இன்னும் திறந்துதான் இருந்தது. திரும்பி வாசலைப் பார்த்தான். யாரும் வரவில்லை. ஒரே எட்டில் போய்த் திருகை மூடினான். காப்பாற்றத்தான் மூடினேன் என்று பிற்பாடு தனக்குத்தானே ஆயிரம் தடவை சொல்லிக்கொண்டான். ஆனால் மூடுமுன் வாசலை எதற்குப் பார்த்தோம் என்பதை மட்டும் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அந்தக் குழாய்க்குக் கணக்குப் பதிகிற கருவி கிடையாது. அதனால் விசாரணையில் அவனிடம் கேட்டது ஒரே கேள்வி, பதினான்கு வால்வும் பூட்டியிருந்ததா என்று. பூட்டியிருந்தது என்று சொன்னான். அது உண்மைதானே.

மாப்பிள்ளையை வெளியே எடுக்க மூன்று மணி நேரமானது. மார்புக்கு மேல் தூள். மூக்கு வெளியேதான் இருந்தது, ஆனால் நெஞ்சை இறுக்கிப் பிடித்ததில் மூச்சு விடமுடியாமல் போய்விட்டார். இதைத் தங்கச்சிக்குச் சொன்னது ரியாக்டர் வாயிலில் காவல் உட்காருகிற பெரியவர். உள்ளே போகிற ஆளை எண்ணுவதும் கயிற்றைப் பிடிப்பதும் அவர் வேலை. வீட்டுக்கு வந்து, கொடுத்த தண்ணீரைக் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்.

"பலகை போட்டாரும்மா. இரும்புப் பலகை. டொக் டொக்குன்னு தட்டினது என் காதுல விழுந்துச்சு. காலை ஊணினாரு, பலகையோட உள்ள போனாரு. நாங்க ரெண்டு பேரு கயித்த இழுத்தோம். ஒரு சாண் மேல வந்தாரு. எங்கள நிமிந்து பாத்தாரு. இன்னும் ஒரு சாண் வந்திருந்தா தோளைப் புடிச்சிருப்பேன். அதுக்குள்ள என்னமோ தெரியல தாயி, சிமெண்டு மாதிரி இறுகிருச்சு."

இதை அவர் விசாரணையிலும் சொன்னார். பதற்றத்தில் வேறு சத்தம் கேட்டிருக்கலாம் என்று எழுதி முடித்துவிட்டார்கள். தூளை உறிஞ்சி எடுத்தபோது அடியில் பலகை கிடைத்ததே என்றால், அது பிற்பாடு விழுந்திருக்கலாமாம். ஊர் வாயைக் கேட்கவா வேண்டும்? ஏழு வயது மகளிடம் பள்ளிக்கூடத்தில் எவளோ ஒருத்தி, "உங்கப்பா சொன்ன பேச்சக் கேக்காம குதிச்சாராமே" என்று கேட்டிருக்கிறாள். குழந்தை அன்று சாப்பிடவில்லை.

மாப்பிள்ளையின் லாக்கரைக் காலி செய்யச் சொல்லி ஆலையிலிருந்து ஆள் விட்டிருந்தார்கள். தங்கச்சி வந்தாள். கேட்டுக்குப் பக்கத்தில் பயிற்சி அறை காலியாக இருந்ததால் அங்கே உட்காரவைத்தார்கள். அண்ணன்தான் சாமான்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். ஒரு சாப்பாட்டு டப்பா, ஒரு துண்டு, சாவிக்கொத்து, ஒரு ஜோடி பழைய பூட்ஸ். தங்கச்சி ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தாள். பூட்ஸைத் திருப்பினாள். இடது குதிகால் நன்றாக இருந்தது. வலது குதிகால் பாதிக்குமேல் தேய்ந்து ஆணி தெரிந்தது.

"பாத்தியாண்ணே," என்றாள். அழவில்லை. "தட்டித் தட்டியே தேஞ்சிருக்கு. இந்தக் காலு பலகை போடாம இறங்குமா? யாராவது ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஆமாம்மா, உன் புருஷன் மேல தப்பில்லன்னு சொல்லிட்டா எனக்குப் போதும். நான் எம்பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லிக்குவேன்."

அண்ணன் அந்தக் குதிகாலையே பார்த்தான். மூன்று மாதமாக உள்ளே கிடந்து அரித்தது தொண்டைவரை வந்துவிட்டது. அறையின் மூலையில் ஒரு கண்ணாடித் தொட்டி நின்றது. இடுப்பு உயரம், மேலே திறந்தது, பாதிவரை மெல்லிய மணல். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு ரியாக்டருக்குள் நடப்பதைக் காட்டுவதற்கு வைத்தது. அடியில் காற்றுக் குழாய், பக்கத்தில் ஒரு திருகு.

"இங்க வா," என்றான்.

சாப்பாட்டு டப்பாவின் மூடியை எடுத்து மணல்மேல் வைத்தான். "இதான் பலகை." மூடிமேல் சாவிக்கொத்தை வைத்தான். "இதான் மாப்பிள்ளை." கையை எடுத்துக்கொண்டான். "தட்டிப் பாரு."

தங்கச்சி நகத்தால் மூடியை இரண்டு தட்டு தட்டினாள். நன்றாகத் தாங்கியது.

அண்ணன் குனிந்து திருகைக் கொஞ்சம், ஒரு நூலளவு, திறந்தான். புஸ்ஸென்று ஒரு சின்னச் சத்தம். மணல் பார்வைக்கு அப்படியேதான் இருந்தது, குமிழ்கூட வரவில்லை. மூடி அசையவில்லை. "இப்பவும் தட்டிப் பாரு, தாங்கும். ஆள் பாரம் ஏறினாத்தான்..." என்று விரலால் சாவிக்கொத்தை லேசாக அழுத்தினான். மூடி ஒரு பக்கம் சாய்ந்தது. சாவியும் மூடியும் சத்தமில்லாமல் மணலுக்குள் போய்விட்டன.

தங்கச்சி தொட்டிமேல் குனிந்தாள்.

"அப்ப அவரு பலகை போட்டாரு."

"போட்டாரு. தட்டியும் பாத்தாரு. எல்லாம் சரியாத்தான் செஞ்சாரு. தப்பு அவரு மேல இல்லம்மா."

"அடியில காத்து இருந்துச்சா?"

"இருந்துச்சு."

"யாரு தொறந்தா?"

அவன் கை இன்னும் திருகின்மேல்தான் இருந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு அவன் முகத்தைப் பார்த்தாள்.

"நான்தான்."

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று எதிர்பார்த்தான். அப்படி எதுவும் நடக்கவில்லை. மூச்சு கொடுக்கிற வழக்கம், பட்டியலில் இல்லாத குழாய், திறந்துவிட்டு வெளியே போனது எல்லாவற்றையும் தரையைப் பார்த்தபடி சொன்னான். கேட்டுக்கொண்டே அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு கையை மணலுக்குள் விட்டாள். சாவியை எடுக்கத்தான். கை முழங்கைவரை சுலபமாக இறங்கியது.

"தண்ணி மாதிரி இருக்கே," என்றாள், தனக்குள்ளே பேசுகிற மாதிரி. "இழுத்தா வந்துடும் போலிருக்கே."

அந்தப் பேச்சு அண்ணன் காதில் விழுந்தது. இவ்வளவு சொல்லியாயிற்று, மீதியையும் சொல்லித் தொலைக்கவேண்டியதுதான். ஆனால் வாயால் சொல்லத் தைரியமில்லை. திருகை மூடினான்.

மணல் அவள் கையைச் சுற்றி அமர்ந்து இறுகியது. இழுத்தாள், வரவில்லை. இன்னொரு கையால் தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தாள். மணல் பிடித்த பிடியை விடவில்லை. சட்டென்று இழுப்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் புரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரிந்தது.

"ஒரு சாண் மேல வந்தாரு," என்றாள். "அப்புறம் சிமெண்டு மாதிரி இறுகிருச்சுன்னு சொன்னாரே அந்தப் பெரியவரு. அப்பதான் நீ மூடினியா?"

"ஆமா."

"மூடாம விட்டிருந்தா?"

"இழுத்திருப்பாங்க. வந்திருப்பாரு."

"அவரக் காப்பாத்தத்தான மூடினே? தெரியாமத்தான மூடினே? அப்படின்னு சொல்லுண்ணே. நான் நம்புறேன்."

அவள் அதைக் கெஞ்சிக் கேட்டாள். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள், ஐயோ, மறுபேச்சில்லாமல் நம்பியிருப்பாள்.

"இல்லம்மா. தொறந்து கிடக்கறத யாரும் பாத்துடக் கூடாதேன்னு மூடினேன். வாசலப் பாத்துட்டு மூடினேன்."

திருகைத் திறந்தான். மணல் இளகியது. அவள் கையை எடுத்துக்கொண்டாள், விரலில் சாவிக்கொத்து இருந்தது. தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தம் அவளிடமிருந்து வந்தது, ஒரே ஒரு தடவை. நாற்காலியில் போய் உட்கார்ந்து பூட்ஸை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அழுதாள். அவனும் அழுதான். ஒருத்தரை ஒருத்தர் தேற்றவில்லை. எப்படித் தேற்றுவது?

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுதிக் குடு," என்றாள். "இப்ப சொன்னதெல்லாம். அவரு பலகை போட்டாருன்னு, தட்டினாருன்னு, எல்லாம். நான் மேனேஜர்கிட்டக் குடுக்கணும். எம்பொண்ணுகிட்டக் காட்டணும்."

எழுதினான். வேலை போகும், கேஸ் வரும், ஜெயிலுக்கும் போகவேண்டிவரலாம். அதெல்லாம் அவனுக்குத் தெரியாமல் இல்லை. ஒரு பக்கம் முழுக்க எழுதிக் கையெழுத்துப் போட்டான். அதில் எழுதினதெல்லாம் சத்தியம், ஒரு நேரத்தைத் தவிர. திருகைத் திறந்தது ஒன்பது மணிக்கு என்று எழுதவேண்டிய இடத்தில் ஒன்பது இருபது என்று எழுதினான்.

அவள் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு வாசித்தாள். அது அவளுடையது அல்ல. மாப்பிள்ளையுடையது. அன்று வீட்டில் விட்டுப்போனது.

"எதனால மறந்தேன்னு எழுதலையே," என்றாள். "அஞ்சு நிமிஷத்துல மூடணும்னு இருபத்திரண்டு வருஷமாத் தெரியும். அன்னைக்கு மட்டும் எப்படி மறந்தே?"

தாளை வாங்கிக் கீழே 'கவனக்குறைவு' என்று எழுதிக் கொடுத்தான்.

"கவனக்குறைவு," என்று அவள் வாசித்தாள். அந்தச் சொல்லை அவள் உச்சரித்த விதத்தில், இனிமேல் அவள் தன் வீட்டுப் படியில் அவனை ஏற்றமாட்டாள் என்று அவனுக்குத் தெரிந்தது. ஏற்றவேண்டாம் என்று நினைத்துக்கொண்டான்.

கண்ணாடியைக் கழற்றி மடித்தவள், மடித்த கையோடு அப்படியே நின்றாள்.

"அன்னைக்கு இதுக்காகத்தான உனக்குப் போன் பண்ணினேன்." அவள் குரல் மாறியிருந்தது. "மணி என்ன இருக்கும் அப்ப? போன் பண்ணினப்ப நீ காத்தத் தொறந்து..."

"இல்ல," என்றான். வேகமாக வந்துவிட்டது. கொஞ்சம் நிதானித்துக்கொண்டு சொன்னான். "நீ பேசினது ஒன்பதுக்கு. வெச்ச உடனே போய் மாப்பிள்ளகிட்டச் சொல்லிட்டேன். அதெல்லாம் முடிஞ்சு, திரும்பி வந்துதான் தொறந்தேன். தாள்லயே போட்டிருக்கேன் பாரு, ஒன்பது இருபதுன்னு."

அவள் தாளை மறுபடி பிரித்துப் பார்த்தாள். பார்த்து, மெல்ல மூச்சு விட்டாள்.

"அவர்கிட்டச் சொன்னியா? நான் சிரிச்சேன்னு?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

மூன்று மாதமாகப் பொய்யிலேயே இருந்த மனுஷனுக்கு இந்த ஒரு பொய் சொல்லத்தான் நாக்கு புரளமாட்டேன் என்றது. இருந்தும் சொன்னான்.

"சிரிச்சாரு. சாயங்காலம் வீட்டுக்குப் போனா உங்க தங்கச்சி என் தலையத் தட்டிப் பாப்பா, உள்ள ஏதாச்சும் இருக்கான்னு. அப்படின்னாரு."

அவள் உதடு கோணியது. சிரிப்பா அழுகையா என்று அவளுக்கே தெரிந்திருக்காது. கண்ணாடியைப் பைக்குள் வைத்தாள். பூட்ஸையும் துண்டையும் மூடியில்லாத டப்பாவையும் எடுத்துக்கொண்டாள்.

"அதையாச்சும் சொன்னியே," என்றாள். அண்ணே என்று கூப்பிடவில்லை. தாளை மடித்துக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேனேஜர் அறைப் பக்கம் நடந்தாள்.